நிற்கத் தெரிந்த எந்திரன்

நுழையும்முன்

பேரூந்து எந்திரங்களை மக்கள் கூட்டத்தின் நடுவே நடத்திச் செல்வது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. வடம்பிடித்து இழுக்கப்படும் தேர் பல நூற்றாண்டுகளாக வீதிகளில் உலா வருகிறது. இன்று கண்காட்சிகளிலும் திறப்புவிழாக்களிலும் ஆளுயரத்தை விஞ்சிய எந்திரன்கள் உலா வருகின்றன. அவை கையசைக்கின்றன, வணக்கம் சொல்கின்றன, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கின்றன. இத்தகைய எந்திரன் ஒன்றை உருவாக்குவதில் அடங்கிய அறிவியலையும் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆவடியில் ஒரு காட்சி

திருவள்ளூர் மாவட்டம் கோயில்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் பெயர்பெற்றது. அம்மாவட்டத்திலுள்ள ஆவடியில் போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் இயங்கிவருகிறது. இந்தியாவின் அர்ஜுன் பீரங்கி வண்டியை வடிவமைத்த நிறுவனம் இது. ஆள் இல்லாமல் இயங்கும் ‘முந்த்ரா’ என்னும் ஊர்தியை இந்நிறுவனம் 2017ஆம் ஆண்டு கண்காட்சி ஒன்றில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. கண்காணிப்புக்கு ஒன்று, கண்ணிவெடிகளைக் கண்டறிய ஒன்று, கதிர்வீச்சும் நுண்ணுயிர்த் தாக்குதலும் உள்ள பகுதிகளை ஆராய ஒன்று என அது மூன்று வகைகளாக அமைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்தபடியே அதனை இயக்க முடியும். இராசத்தான் பாலைநிலத்தில், 52 பாகை செல்சியசு வெப்பத்தில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது.

முந்த்ரா, மனிதர் செல்லக் கூடாத இடத்திற்குச் செல்வதற்காக உருவானது. கண்காட்சியில் உலாவும் எந்திரனோ மனிதர் நெருங்கி நிற்கும் இடத்திற்குச் செல்வதற்காக உருவாவது. முன்னதற்கு வெப்பமும் வெடியும் சவால்கள். பின்னதற்குச் சவால், தன் முன்னே திடீரென ஓடிவரும் ஐந்து வயதுக் குழந்தை. பாலைநிலத்தைக் கடப்பதைவிடப் பள்ளி வளாகத்தைக் கடப்பது எந்திரனுக்கு எளிது என்று எண்ணிவிடக் கூடாது.

விழாவுக்கு வந்த எந்திரன்கள்

காட்சிக்கென எந்திரன் செய்யும் வழக்கம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பழமையானது. 1928ஆம் ஆண்டு இலண்டன் நகரில் மாதிரிப் பொறியாளர்களின் கண்காட்சி நடைபெறவிருந்தது. அதனைத் திறந்துவைக்க ஒப்புக்கொண்டிருந்த யார்க் கோமகன் வர இயலாமற்போனது. அவருக்கு மாற்றாக ‘எரிக்’ என்னும் அலுமினிய எந்திரனை உருவாக்கினர். எரிக் எழுந்து நின்றது, தலைவணங்கியது, திறப்புரை ஆற்றியது. ஆனால், அதனால் நடக்க இயலவில்லை. அதன் கால்கள், மோட்டார் வைக்கப்பட்ட பெட்டியுடன் பிணைக்கப்பட்டிருந்தன.

1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ‘எலெக்ட்ரோ’ தோன்றியது. ஏழடி உயரமும் ஏறத்தாழ 120 கிலோகிராம் எடையும் கொண்ட அவ்வெந்திரன், இசைத்தட்டின் உதவியால் சுமார் 700 சொற்களைப் பேசியது. காலடி உருளைகளின் துணையால் மெல்ல நகர்ந்தது. மின்கருவிகளை விற்கும் நிறுவனம் ஒன்று தன் திறமையை மக்களுக்குக் காட்ட மேற்கொண்ட விளம்பர முயற்சி அது.

இந்தியாவில் 2017 நவம்பர் 28 அன்று ஐதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு தொடங்கியது. பெங்களூருவில் உருவாக்கப்பட்ட ‘மித்ரா’ என்னும் எந்திரன் மேடையில் விருந்தினரை வரவேற்றது. அதன் மார்பிலிருந்த தொடுதிரையை அழுத்தியே மாநாடு தொடங்கிவைக்கப்பட்டது. மித்ராவுக்குக் கால்கள் இல்லை. சக்கரங்களின் மீதே அது நகர்ந்தது.

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் எந்திர யானை ஒன்று அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 11 அடி உயரமும் 800 கிலோகிராம் எடையும் கொண்ட அந்த யானையின் தலை, கண், வாய், காது, வால் ஆகியவை மின்விசையால் அசைகின்றன. உயிருள்ள யானைகளைத் திருவிழாக்களில் துன்புறுத்தக் கூடாது என்னும் எண்ணத்தில் பிறந்தது அது. எந்திர யானை என்னும் கற்பனை தமிழ் இலக்கியத்துக்கு அயலானதன்று. பெருங்காப்பிய மரபில் வரும் உதயணன் கதையில், வீரர்களை உள்ளே மறைத்த எந்திர யானையைக் கொண்டு உதயணன் சிறைப்பிடிக்கப்படுகிறான். கதையில் வஞ்சகத்திற்குப் பயன்பட்ட யானை, கோயிலில் கருணைக்குப் பயன்படுகிறது.

தெரியுமா?

‘ரோபோ’ என்னும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ஆம் ஆண்டு எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தின் வழியாக உலகமெங்கும் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரோபோட்டா’ என்னும் செக் சொல்லே அதற்கு மூலம். 1928ஆம் ஆண்டின் எரிக் எந்திரனுடைய மார்பில் அந்நாடகத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது.

உடலும் எடையும்

விழாவுக்கான எந்திரன் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். ஆகவே உயரமாக இருக்க வேண்டும். வாயிலுக்குள் நுழைய வேண்டும். ஆகவே அகலம் குறைவாக இருக்க வேண்டும். உயரமும் ஒடுக்கமும் ஓருடலில் கூடும்போது கவிழும் இடர் பிறக்கிறது. எந்திரனை வடிவமைப்பவர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவே.

எடுத்துக்காட்டாக, எட்டடி உயரமும் 150 கிலோகிராம் எடையும் கொண்ட எந்திரன் ஒன்றைக் கருதலாம். அதன் அடித்தளம் 80 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் எனக் கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் அமைந்தால், ஏறத்தாழ 18 பாகை சாய்ந்ததுமே அது கவிழ்ந்துவிடும். ஈர்ப்பு மையத்தை 60 சென்டிமீட்டருக்குத் தாழ்த்தினால் ஏறத்தாழ 34 பாகை வரை அது தாங்கும். உயரத்தைக் குறைக்காமலேயே உறுதியைக் கூட்ட இயலும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இதனால்தான் எடைமிக்க மின்கலங்களும் மோட்டார்களும் அடித்தளத்திலேயே வைக்கப்படுகின்றன. அடிச்சட்டம் எஃகினால் அமைகிறது. மேலுடலின் எலும்புக்கூடு எடை குறைந்த அலுமினியக் குழாய்களாலும், வெளித்தோல் கண்ணாடி இழையாலும் உருவாக்கப்படுகின்றன. பார்வைக்கு இரும்பு மலைபோல் தோன்றும் மார்பும் தோளும் உள்ளே வெற்றிடமாகவே இருக்கும். பொம்மையின் அழகு மேலே இருக்கலாம்; அதன் எடை கீழேதான் இருக்க வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எத்தனைமுறை தள்ளினாலும் நிமிர்ந்து நிற்பதற்கும் இவ்விதியே காரணம்.

இத்தகைய எந்திரன் ஒருவரால் ஆவதன்று. சட்டத்தைப் பற்றவைப்பவர், அச்சைக் கடைசல் செய்பவர், கண்ணாடி இழையை அச்சில் வார்ப்பவர், வண்ணம் பூசுபவர், மின்சுற்றை அமைப்பவர், நிரல் எழுதுபவர் எனப் பலர் கைகோக்க வேண்டும். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பகுதியிலும், ஆவடியை அடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உருக்கும் வார்ப்பும் கடைசலும் அன்றாடத் தொழில்கள். ஓர் எந்திரனுக்கு வேண்டிய கைத்திறன்கள் பெரும்பாலும் இத்தகைய தொழில்நிலங்களில்தான் ஒருங்கே விளைகின்றன.

நகர்தலும் திரும்புதலும்

இருகால்களால் நடக்கும் எந்திரனை உருவாக்குவது கடினம். கூட்டத்தின் நடுவே அதனை நடக்கவிடுவது மேலும் கடினம். ஆகவே விழா எந்திரன்கள் பெரும்பாலும் சக்கரங்களின் மீதே நகர்கின்றன. இடப்புறம் ஒரு மோட்டார்ச் சக்கரம், வலப்புறம் ஒரு மோட்டார்ச் சக்கரம், முன்னும் பின்னும் எத்திசையிலும் சுழலும் துணைச் சக்கரங்கள் என்பது எளிய அமைப்பு. இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றால் எந்திரன் நேரே செல்லும். ஒன்றின் வேகம் குறைந்தால் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சுழன்றால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இம்முறை வியப்பளிக்காது. தேருக்குத் திசைதிருப்பும் கருவி இல்லை. முட்டுக்கட்டை போடுவோர் ஒரு பக்கத்துச் சக்கரத்தின்கீழ் கட்டையைச் செலுத்தி அதன் ஓட்டத்தைத் தடுக்கின்றனர். மறுபக்கச் சக்கரம் முந்திச் செல்லத் தேர் திரும்புகிறது. திருவள்ளூர் வீரராகவர் கோயில் தேர் உள்ளிட்ட பல தேர்கள் வீதிகளில் வளைந்து செல்வதற்கு இந்நுட்பமே துணைநிற்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து நிரலாளர் செய்வதை, மரக்கட்டையைக் கொண்டு அவர்கள் செய்கின்றனர்.

நிற்றல் என்னும் கலை

நகரும் பொருளின் இயக்க ஆற்றல், அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். 150 கிலோகிராம் எடையுள்ள எந்திரன் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 75 ஜூல். வேகத்தை இரண்டு மீட்டராக்கினால் அது 300 ஜூல் ஆகும். வேகம் இருமடங்காகும்போது ஆற்றல் நான்கு மடங்காகிறது.

பிரேக் போட்ட பின் நிற்பதற்குத் தேவையான தொலைவும் அவ்வாறே. எந்திரனின் வேகம் நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வீதம் குறையுமாறு பிரேக் போடப்படுகிறது எனக் கொள்வோம். இயக்குபவர் ஆபத்தை உணர்ந்து பொத்தானை அழுத்த ஒரு நொடி ஆகும் என்றால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் எந்திரன் ஒன்றரை மீட்டர் நகர்ந்து நிற்கும். இரண்டு மீட்டர் வேகத்தில் செல்வதோ நான்கு மீட்டர் கடந்த பின்னரே நிற்கும். கண்காட்சிக் கூட்டத்தில் நான்கு மீட்டருக்குள் எத்தனை பேர் நிற்பர் என்பதை எண்ணினால், விழா எந்திரன் ஏன் ஆமை வேகத்தில் செல்ல வேண்டும் என்பது விளங்கும்.

அவ்வாறாயின் பிரேக்கை மிகக் கடுமையாகப் போட்டுவிடலாமே என்னும் ஐயம் எழலாம். உயரமான எந்திரனைத் திடுமென நிறுத்தினால் அதன் மேலுடல் முன்னோக்கிச் சாயும். ஈர்ப்பு மையம் மேலே இருந்தால் நின்ற கணத்திலேயே கவிழ்ந்தும் விடலாம். விரைந்து நிற்கவும் வேண்டும். விழாமல் நிற்கவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பதே வடிவமைப்பாளரின் திறன். தேருக்கு முட்டுக்கட்டை போடுவோரும் சக்கரத்தைச் சுவரில் மோதியதுபோல் நிறுத்துவதில்லை. கட்டையின் சரிவில் சற்றே ஏறவிட்டு, வேகத்தைத் தணித்து நிறுத்துகின்றனர்.

பாதுகாப்பான எந்திரனில் நிறுத்தும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டு அமைந்திருக்கும். மஞ்சள் பின்புலத்தில் சிவப்பு நிறக் காளான் வடிவ அவசர நிறுத்தப் பொத்தான் அதன் உடலில் எளிதில் எட்டும் இடத்தில் இருக்கும். தடைகளை உணரும் ஒளி உணரிகளும் மீயொலி உணரிகளும் முன்னே இருப்பவரை அறிந்து வேகத்தைக் குறைக்கும். அடித்தளத்தைச் சுற்றியுள்ள மென்மையான விளிம்பு எதன்மீதேனும் பட்டால் மோட்டார் நிற்கும். தொலையியக்கியிலிருந்து வரும் அலைத்தொடர்பு அறுந்தாலும் எந்திரன் நின்றுவிடும்.

இவற்றுள் மிக நுட்பமானது சுருள்வில் பிரேக். மின்சாரம் உள்ளவரை அது விடுபட்டிருக்கும். மின்சாரம் நின்றவுடன் வில்லின் விசையால் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். மின்கலம் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் எந்திரன் சரிவில் உருண்டோடாது. பழுது நேரும்போது ஆபத்தின் பக்கம் சாயாமல் பாதுகாப்பின் பக்கம் சாயுமாறு ஒன்றை அமைப்பதே பொறியியலின் முதிர்ந்த அறிவு.

திருவாரூர் ஆழித்தேர், அலங்கரிக்கப்பட்ட நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது. திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் உதவியால் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டுள்ளன. அதன் பின்னரும் அங்கு முட்டுக்கட்டைகள் கைவிடப்படவில்லை. ஒரு காப்பு தவறினால் மற்றொரு காப்பு கைகொடுக்க வேண்டும் என்னும் நெறியை மரபும் பொறியியலும் ஒருங்கே போற்றுகின்றன. ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்பது அன்றாட வழக்கில் நற்செயலைத் தடுப்பதைக் குறிக்கும். தேர்வீதியிலோ அதுவே உயிர்காக்கும் செயல்.

களம் அறிதல்

எந்திரன் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது செல்லும் வழியும் நன்றாக இருக்க வேண்டும். தரையில் கிடக்கும் மின்கம்பி, கம்பளத்தின் மடிப்பு, மேடையின் சரிவு, மழைநீர் வடியும் பள்ளம் ஆகியன சிறு சக்கரங்களுக்குப் பெருந்தடைகள். தலைக்கு மேலே உள்ள தோரணமும் மின்கம்பியும் அவற்றினும் பெரிய இடர்கள்.

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் நடைபெற்ற தேர்த் திருவிழாவில், தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 பேர் உயிரிழந்தனர். உயரமான எப்பொருளும் மக்களுக்கு நடுவே நகரும்முன், அதன் வழியில் மேலும் கீழும் அளந்து பார்க்கப்பட வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்துகிறது. விழாவுக்கு முந்தைய நாளில் ஒருவர் அளவுநாடாவுடன் வழிநெடுக நடந்து வருவது, நிரலில் எழுதப்படும் பல வரிகளைவிட மதிப்புடையது.

தொழிற்சாலையின் எந்திரக் கைகள் பெரும்பாலும் வேலிக்குள் இயங்குகின்றன. வேலியின் கதவு திறந்தால் கை நின்றுவிடும். விழா எந்திரனுக்கோ வேலி இல்லை. அதன் இருபுறமும் நடந்துவரும் உதவியாளர்களே அதற்கு வேலி. அவர்களின் பார்வை எந்திரனின் மீதன்று, கூட்டத்தின் மீதே பதிந்திருக்க வேண்டும். எந்திரனின் கண்கள் அலங்காரமாக இருக்கலாம். உதவியாளரின் கண்கள் அவ்வாறு இருத்தல் ஆகாது.

காட்சியும் உண்மையும்

விழா எந்திரன்கள் எல்லாம் தாமாகவே சிந்தித்து இயங்குவன அல்ல. பலவற்றைச் சற்றுத் தொலைவில் நிற்கும் ஒருவர் தொலையியக்கியால் இயக்குகிறார். சிலவற்றின் குரல் முன்னரே பதிவு செய்யப்பட்டது. இதில் குறையேதும் இல்லை. பொம்மலாட்டத்தில் நூலை இழுப்பவர் திரைக்குப் பின்னே இருக்கிறார் என்பதை அறிந்தே மக்கள் அதனைச் சுவைக்கின்றனர்.

இல்லாத திறனை இருப்பதாகக் காட்டும்போதுதான் குறை பிறக்கிறது. 1770ஆம் ஆண்டு கெம்பெலன் என்பவர் வியன்னாவில் சதுரங்கம் ஆடும் பொறி ஒன்றைக் காட்டினார். அது பல்லாண்டுகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வியக்கவைத்தது. உண்மையில் அப்பெட்டிக்குள் சதுரங்கம் வல்ல மனிதர் ஒளிந்திருந்தார். 2018ஆம் ஆண்டு ரஷ்யாவில் தொலைக்காட்சி புகழ்ந்த நடனமாடும் எந்திரனும், எந்திர உடை அணிந்த மனிதரே எனப் பின்னர் தெரியவந்தது.

எந்திரனின் திறனை மிகைப்படுத்துவது அறிவியலுக்கு இழைக்கும் தீங்கு மட்டுமன்று. அது பாதுகாப்புக்கும் தீங்கு. எந்திரன் தன்னைப் பார்க்கிறது, தன்மேல் மோதாது என்று நம்பும் குழந்தை அச்சமின்றி அதன் குறுக்கே ஓடும். ‘இதனை நான்தான் இயக்குகிறேன், சற்று விலகி நில்லுங்கள்’ என்று இயக்குபவர் வெளிப்படையாகச் சொன்னால் வியப்பு சிறிது குறையலாம். குழந்தை பாதுகாப்பாக வீடு திரும்பும்.

விழாவுக்கு அப்பால்

விளம்பரத்திற்காகச் செய்யப்படும் எந்திரன் வீண்செலவு என்று கூறுவோர் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று அக்கூற்றுக்கு விடையளித்தது. மாநாட்டு மேடையில் வணக்கம் சொன்ன மித்ரா எந்திரன்கள் மருத்துவமனைகளுக்குள் சென்றன. தனிமைப்படுத்தப்பட்ட நோயாளிகள் அவற்றின் திரை வழியாக உறவினர்களோடு பேசினர். திருச்சிராப்பள்ளி நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘ஸாஃபி’ எந்திரன்கள், தனிமைப் பிரிவுகளில் உள்ள நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டு செல்வதற்காக முன்வைக்கப்பட்டன.

கூட்டத்தின் நடுவே ஒருவர்மீதும் படாமல் நகரவும், குறித்த இடத்தில் நிற்கவும், தெளிவாகப் பேசவும் கற்ற எந்திரனே நோயாளியின் கட்டிலருகே செல்லத் தகுதி பெறுகிறது. திருவிழா அதற்குப் பயிற்சிக்களம். ஆவடியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உலோகத்தை வளைக்கும் கைகள், நாளை முதியோரைத் தாங்கும் எந்திரனையும் உருவாக்கக்கூடும். அதற்கான பாடங்கள் விளையாட்டுப்போல் தோன்றும் விழா எந்திரனிலேயே தொடங்குகின்றன.

தேர் எத்தனை வீதிகளைச் சுற்றிவந்தாலும், எத்தனை ஆயிரம் பேர் வடம்பிடித்தாலும், அது பழுதின்றி நிலைக்கு வந்து சேர்ந்த பின்னரே திருவிழா நிறைவுற்றதாக மக்கள் கருதுவர். எந்திரனுக்கும் அதுவே அளவுகோல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தேருக்கு முட்டுக்கட்டை போடுவோர் ஒருவரைச் சந்தித்து, அவரது பணியின் நுட்பங்களைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. தேரோடு தொடர்புடைய வடம், நிலை, முட்டுக்கட்டை ஆகிய சொற்கள் அன்றாடப் பேச்சில் எப்பொருள்களில் வழங்குகின்றன என்பதைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

1. ஈர்ப்பு மையத்தைத் தாழ்வாக அமைப்பதால் எந்திரனுக்கு விளையும் நன்மை யாது?

2. தேர் திரும்புவதற்கும் இருசக்கர மோட்டார் எந்திரன் திரும்புவதற்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.

3. ‘எந்திரனின் திறனை மிகைப்படுத்துவது பாதுகாப்புக்கும் தீங்கு’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.